ஆம்பருக்குள்ள இருக்கிற பூச்சிய போட்டோ எடுக்கிறது எப்படி: புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு

ஆம்பர்ங்கிறது கோடிக்கணக்கான வருஷம் மண்ணுக்குள்ள கிடந்து கெட்டியாகிப்போன மரப்பிசின். அந்தப் பிசின் மரத்துல வழிஞ்சுக்கிட்டு இருந்தப்போ அதுல போய் ஒட்டிக்கிட்ட கொசு, எறும்பு, சிலந்தி, வண்டு எல்லாம் ரெக்கை நரம்பு, கால்ல இருக்கிற முடி வரைக்கும் அழியாம அப்படியே உள்ள இருக்கும். பால்டிக் கடலோரம் கிடைக்கிற ஆம்பருக்கு வயசு சுமார் 4 கோடி வருஷம், டொமினிக்கன் ஆம்பர் ஒன்றரைலேர்ந்து 2 கோடி, மியான்மர் ஆம்பர் கிட்டத்தட்ட 9.9 கோடி, அதாவது டைனோசர் காலம். சுண்டுவிரல் நகம் அளவு கல்லுக்குள்ள அவ்ளோ பழைய ஒரு உயிரோட கண்ணுல இருக்கிற ஒவ்வொரு லென்ஸையும் தனித்தனியா பாக்க முடியும்ங்கிறது எனக்கு இன்னைக்கும் ஆச்சரியம்தான், அதனாலதான் இத எழுதுறேன்.

பெங்களூர்ல ஒரு சாதாரண வாடகை வீட்டு ரூம்ல உக்காந்து இத நல்லாவே செய்யலாம். புதுசா வர்றவங்க எல்லாரும் கேக்குற முதல் கேள்வி "எந்த காமெரா வாங்கணும்". என்னோட பதில், காமெரா கடைசி. நல்ல கல்லு, அதுல ஒழுங்கா போட்ட பாலிஷ், மேல ஒரு சொட்டு கிளிசரின், சரியான லைட்டு, இந்த நாலும் அமைஞ்சா பழைய செகண்ட் ஹேண்ட் காமெரா பாடியில கூட அசத்தலான படம் வரும். இது இல்லாம லட்ச ரூபாய் லென்ஸ் போட்டாலும் கீறலும் மங்கலும்தான் கூடுதல் தெளிவா தெரியும்.

கல்ல தேர்ந்தெடுக்கிறது

முதல்ல ஒரு 10 மடங்கு லூப் வாங்குங்க, நகைக்கடைக்காரங்க கண்ணுல வெச்சு பாப்பாங்களே அதுதான், சிக்பேட்டை பக்கம் நகைத்தொழில் சாமான் விக்கிற கடையில கேட்டா கிடைக்கும். காமெராவுக்கு முன்னாடி இதுலதான் கண்ணு பழகணும்.

ஆரம்பிக்கிறவங்களுக்கு பால்டிக் ஆம்பர்தான் வசதி, நிறைய கிடைக்குது, சின்ன ஈ, கொசு மாதிரி பூச்சி இருக்கிற கல்லு விலையும் தாங்குற அளவுலதான் இருக்கும். வெளிநாட்டுலேர்ந்து வரவழைச்சா கஸ்டம்ஸ் டியூட்டியையும் கணக்குல சேத்துக்கோங்க. பால்டிக்ல ஒரு விஷயம் தெரிஞ்சிருக்கணும், பூச்சியோட ஒரு பக்கம் பூசணம் பூத்த மாதிரி வெள்ளையா ஒரு படலம் பல கல்லுல இருக்கும், அது உடம்பு அழுகினப்போ வந்த பொடிப்பொடி குமிழிங்க. அத எடுக்கவே முடியாது. அதனால விக்கிறவர்கிட்ட ரெண்டு பக்க போட்டோவும் கேளுங்க, வெள்ளை இல்லாத பக்கம் கல்லோட எந்த முகத்துக்கு கிட்ட இருக்குன்னு பாருங்க. பூச்சி மேல்பரப்புலேர்ந்து 1, 2 மில்லிமீட்டர் ஆழத்துல இருந்தா நல்லது. அஞ்சு மில்லிமீட்டர் ஆழத்துல இருந்தா கூர்மை போயிடும், ஏன்னா அவ்ளோ தடிமனான ஆம்பர் வழியா வர்ற வெளிச்சம் ஒரே புள்ளியில ஒண்ணு சேராது. குறுக்க விரிசல் ஓடுதா, பூச்சிக்கு மேல தூசி, மரத்தூள் மிதக்குதான்னும் பாருங்க. பெரிய பூச்சி ஒண்ணு மங்கலா இருக்கிறத விட ரெண்டு மில்லிமீட்டர் கொசு ஒண்ணு பளிச்சுன்னு இருக்கிறது பல மடங்கு மேல்.

மியான்மர் ஆம்பர் ஆசைய தூண்டும், காலமும் பழசு, பூச்சியும் விதவிதமா இருக்கும். ஆனா அது வர்றது கச்சின் மாநிலத்துல ஹுகாங் பள்ளத்தாக்குலேர்ந்து, அங்க சண்டை நடக்குது, 2017ல ராணுவம் சுரங்கப் பகுதிய கைப்பத்துச்சு. முதுகெலும்பி தொல்லுயிர் ஆராய்ச்சியாளர் சங்கம் 2020ல இந்த ஆம்பர் பத்தின ஆய்வுகள வெளியிடுறத நிறுத்தி வைக்கச் சொல்லி கேட்டுக்கிச்சு. நான் அத வாங்குறதில்ல, நீங்களும் வாங்க வேண்டாம்னுதான் சொல்லுவேன், பொழுதுபோக்குக்காக அந்தக் காசு எங்க போகுதுன்னு தெரியாம இருக்கக் கூடாது.

நம்ம நாட்டுலயும் ஆம்பர் இருக்கு, இது நிறைய பேருக்குத் தெரியாது. குஜராத்ல சூரத் மாவட்டத்துல வஸ்தான் பழுப்பு நிலக்கரி சுரங்கத்துல எடுத்தது, கேம்பே ஆம்பர்னு பேரு, வயசு 5 கோடி வருஷத்துக்கு மேல. 2010ல வெளிவந்த ஆய்வுல 14 வரிசை (வகைப்பாட்டுல பெரிய பிரிவு), 55 குடும்பத்துல பூச்சி, சிலந்தி வகையறாக்கள் கிடைச்சதா பதிவு பண்ணினாங்க. அந்தப் பிசின் வழிஞ்சது நம்ம வீட்டுல புகை போடுற குங்கிலியம் தர்ற மரங்களோட குடும்பத்துலேர்ந்து. அது ரொம்ப மென்மையானது, சில கரைப்பான்ல கரையவே கரையும், அதனால ஆராய்ச்சிக்காரங்க கரைச்சு பூச்சிய முழுசா வெளியவே எடுத்திருக்காங்க. கடையில வாங்குற சமாச்சாரம் இல்ல இது, ஆனா இந்த பொழப்புல இறங்குறவங்க தெரிஞ்சு வெச்சுக்கணும்.

ஒரிஜினலான்னு பாக்குறது

இங்க கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுட்டுப் பாக்கணும். பிளாஸ்டிக்ல இன்னைக்கு செத்த தேளையோ வண்டையோ போட்டு ஆம்பர்னு விக்கிறது சர்வசாதாரணம். பூச்சி கல்லுக்கு நட்ட நடுவுல, கால் எல்லாம் அழகா விரிச்சு, போட்டோவுக்கு போஸ் கொடுத்த மாதிரி இருந்தா சந்தேகப்படுங்க. நிஜத்துல கால் மடங்கி, ரெக்கை கசங்கி, பக்கத்துல ஒரு குமிழி, வழிஞ்ச பிசினோட அடுக்குக் கோடு இதெல்லாம் இருக்கும். பால்டிக்ல ஓக் மரத்தோட நட்சத்திர வடிவ முடிங்க சின்னச் சின்னதா மிதக்கிறத லூப்ல பாக்கலாம், அது இருந்தா நல்ல அறிகுறி.

உப்புத்தண்ணி டெஸ்ட் வீட்லயே பண்ணலாம். 200 மில்லி தண்ணியில 50 கிராம் உப்பு முழுசா கரைச்சு கல்ல போடுங்க. ஆம்பரோட அடர்த்தி 1.05லேர்ந்து 1.10 வரைக்கும், அதனால மிதக்கும். கண்ணாடி, அக்ரிலிக், பாலியஸ்டர் ரெசின் எல்லாம் முங்கிடும். உப்ப இதுக்கு மேல அள்ளிப் போட்டா அக்ரிலிக்கும் மிதந்து உங்கள ஏமாத்தும், அளவ மீறாதீங்க. இந்த டெஸ்ட்ல பாலிஸ்டைரின் பிளாஸ்டிக்கும் கோபாலும் மிதந்து தப்பிச்சிடும். கோபால்ங்கிறது இளசான பிசின், கொலம்பியா, மடகாஸ்கர்லேர்ந்து வர்றதுல சிலது சில நூறு வருஷம்தான் பழசு. அதுக்கு பூச்சி இல்லாத ஓரத்துல சுத்தமான அசிட்டோன் ஒரு சொட்டு வெச்சு சில வினாடி கழிச்சு விரலால தொட்டா போதும், கோபால்னா பிசுபிசுன்னு ஒட்டும், பால்டிக் ஆம்பர் பெருசா அசையாது, உடனே துடைச்சிடுங்க. 365 நானோமீட்டர் யூவி டார்ச் அடிச்சா ஆம்பர் பொதுவா நீலம் கலந்த வெளிர் நிறத்துல ஒளிரும். சூடான ஊசிய குத்திப் பாக்குற பழைய முறை வேண்டவே வேண்டாம், கல்லு வீணாப்போகும்.

நிபுணர்களே ஏமாந்த கதை ஒண்ணு இருக்கு. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துல பால்டிக் ஆம்பர்ல ஒரு ஈ இருந்துச்சு, இன்னைக்கும் கழிப்பறைப் பக்கம் பறக்குற இனம். 1966ல ஹென்னிக்ங்கிற பெரிய பூச்சியியல் அறிஞர் அத வெச்சு, இந்த இனம் கோடிக்கணக்கான வருஷமா மாறவே இல்லைன்னு எழுதினார். 1993ல ஆண்ட்ரூ ராஸ் அத மைக்ரோஸ்கோப்ல பாத்துக்கிட்டு இருந்தப்போ லைட்டோட சூட்டுல பூச்சியச் சுத்தி ஒரு விரிசல் வந்துச்சு. அப்பதான் தெரிஞ்சுது, யாரோ ஆம்பர ரெண்டா வெட்டி, குடைஞ்சு, உள்ள ஒரு புது ஈய வெச்சு ஒட்டியிருக்காங்க. இதுல நமக்கு ரெண்டு விஷயம் இருக்கு. கல்லச் சுத்தி ஒட்டின கோடு ஓடுதான்னு எல்லா கோணத்துலயும் பாக்கணும். இன்னொண்ணு, லைட்டோட சூடு ஆம்பர பாதிக்கும், அத லைட் பத்தி பேசுறப்போ மறுபடி சொல்றேன்.

ஜன்னல் போடுறது

இதுதான் முக்கியமான வேலை. கடையிலேர்ந்து வர்ற கல்லு பெரும்பாலும் உருண்டையா, கூழாங்கல் மாதிரி பாலிஷ் பண்ணியிருக்கும், பூச்சியப் பாக்க அந்த வளைவு எதிரி. லென்ஸுக்கு நேரா ஒரு தட்டையான முகம் வேணும், அதத்தான் ஜன்னல்னு சொல்றேன்.

ஆம்பரோட கடினம் மோஸ் அளவுல 2லேர்ந்து 2.5தான், கையாலயே தேய்க்கலாம், மிஷின் வேண்டாம். கார் பெயிண்டுக்கு யூஸ் பண்ற வாட்டர் பேப்பர், அதாவது தண்ணி தொட்டு தேய்க்கிற உப்புத்தாள், ஜே.சி. ரோட்டுல வண்டி சாமான் கடையில எல்லா நம்பர்லயும் கேட்டுப் பாருங்க. 800, 1000, 1500, 2000, 3000, முடிஞ்சா 5000. ஒரு தட்டையான கண்ணாடித் துண்டு மேல பேப்பர ஒட்ட வெச்சு, தண்ணி நல்லா ஊத்தி, எட்டு போடுற மாதிரி மெதுவா தேய்ங்க. நம்பர் மாத்துறப்போ கல்லையும் கையையும் கழுவணும், ஏன்னா முந்தின பேப்பரோட ஒரு துகள் ஒட்டிக்கிட்டு வந்தா அடுத்த ஸ்டேஜ் பூரா கோடு விழும். ஒவ்வொரு நம்பருக்கும் தேய்க்கிற திசைய கொஞ்சம் மாத்தினா பழைய கீறல் போயிருச்சான்னு லூப்ல சுலபமா தெரியும், போகாம அடுத்ததுக்குத் தாவாதீங்க, இங்க அவசரப்பட்டா 3000க்கு வந்தப்புறம் திரும்ப 1000க்குப் போக வேண்டியிருக்கும். கடைசியா பழைய காட்டன் வேட்டித் துணிய நனைச்சு, அதுல சீரியம் ஆக்சைடு பொடி கொஞ்சம் வெச்சு தேய்ச்சா கண்ணாடி மாதிரி ஆகிடும்.

நகரத்பேட்டையில கல்லு பாலிஷ் பண்ற ஒரு அண்ணன்கிட்ட நான் இத பத்தி கேட்டப்போ அவர் சொன்னது ஒண்ணே ஒண்ணுதான், "தம்பி, சூடு ஏற விடாத, ஏறுச்சுன்னா பிசின் பழைய புத்திய காட்டிடும்". அது அப்படியே உண்மை, காய்ஞ்சு தேய்ச்சா மேல்பரப்பு இளகி ஆரஞ்சுத் தோல் மாதிரி ஆகிடும். தண்ணி குறையவே கூடாது.

எவ்ளோ தேய்க்கலாம்? பூச்சிக்கு மேல அரை மில்லிமீட்டராவது விட்டுடுங்க. அடிக்கடி பக்கவாட்டுலேர்ந்து பாத்துக்கிட்டே தேய்ங்க, ரெக்கை நுனி, தலையில இருக்கிற உணர்கொம்பு எல்லாம் உடம்ப விட மேல துருத்திக்கிட்டு இருக்கலாம். அது போச்சுன்னா திரும்பி வராது. முதல்ல பூச்சி இல்லாத வெறும் ஆம்பர் துண்டுல கை பழகுங்க, அது மலிவு.

கிளிசரின்

ஆம்பரோட ஒளிவிலகல் எண் 1.54, காத்துக்கு 1.00. இந்த வித்தியாசத்துலதான் ஒவ்வொரு சின்னக் கீறலும் கண்ணுக்குத் தெரியுது. கிளிசரினுக்கு 1.47, ஆம்பருக்கு ரொம்ப கிட்ட. அதனால ஜன்னல் மேல ஒரு சொட்டு கிளிசரின் வெச்சு அதுக்கு மேல மைக்ரோஸ்கோப் கவர் ஸ்லிப், அதாவது மெல்லிசான கண்ணாடிச் சில்லு ஒண்ணு மெதுவா சாய்ச்சு இறக்கினா மிச்சம் மீதி கீறல் எல்லாம் கண்ணுலேர்ந்து காணாமப் போயிடும். மெடிக்கல் ஷாப்ல 100 ரூபாய்க்குள்ள ஒரு சின்ன பாட்டில் கிடைக்குது, ஒட்டுமொத்த செட்டப்புலயும் இதுக்கு இணையா காசுக்கு மதிப்பான பொருள் வேற இல்ல.

பாலிஷ் பண்ண மனசு வராத கல்லுன்னா முழுசா கிளிசரின்ல முக்கியும் எடுக்கலாம், ஒரு சின்ன கண்ணாடிக் கிண்ணம் போதும். ஆனா கிளிசரினோட அடர்த்தி 1.26, ஆம்பர் அதுல மிதக்கும், அதனால அடியில கொஞ்சம் பிளாஸ்டிசின், அதாவது பசங்க உருட்டி விளையாடுற காயாத களிமண் வெச்சு கல்ல அமுக்கி ஒட்டணும். கிண்ணத்தோட ஓரமா மெதுவா ஊத்துங்க, வேகமா ஊத்தினா குமிழி வந்து ரொம்ப நேரம் அடங்காது. சில பேர் கெட்டியான சர்க்கரைப் பாகு வெச்சும் பண்றாங்க, வேலை செய்யும், ஆனா எறும்பு வரும். பேபி ஆயில் மாதிரி எண்ணெய் வேண்டாம், விரிசலுக்குள்ள போனா திரும்ப எடுக்க முடியாது. கிளிசரின்னா வேலை முடிஞ்சதும் தண்ணியிலயே கழுவிடலாம். சானிடைசர், ஸ்பிரிட்டு, நெயில் பாலிஷ் ரிமூவர் எதையும் துடைக்கிறதுக்கு எடுக்காதீங்க.

லென்ஸ்

மொபைல்லயே ஆரம்பிக்கலாம், லூப்புக்கு மேல மொபைல வெச்சு எடுத்தா கூட என்ன இருக்குன்னு தெரியுற அளவுக்கு வரும். அடுத்த கட்டத்துக்கு ஒரு பழைய டிஎஸ்எல்ஆர் அல்லது மிரர்லெஸ் பாடி வேணும். பல காமெராவுல இருக்கிற ஏபிஎஸ்-சி சென்சாரோட அகலம் சுமார் 23 மில்லிமீட்டர், அப்போ 4 மடங்குல எடுத்தா படத்துல சுமார் 6 மில்லிமீட்டர் அடங்கும், பெரும்பாலான ஆம்பர் பூச்சிக்கு இது சரியான அளவு. 10 மடங்குல 2.3 மில்லிமீட்டர்தான், தலை, ரெக்கை, கொம்புன்னு தனித்தனியா எடுக்க அது.

மலிவான வழி, மைக்ரோஸ்கோப் அப்ஜெக்டிவ், அதாவது மைக்ரோஸ்கோப்புல பொருளுக்கு கிட்ட இருக்கிற லென்ஸ். ஸ்கூல், காலேஜ் லேப் சாமான் செய்யுற ஊரு அம்பாலா, அங்கிருந்து வர்ற 4 மடங்கு அப்ஜெக்டிவ் விலை ரொம்ப கம்மி. அதோட உடம்புல "160/0.17"ன்னு எழுதியிருந்தா அதுக்கு வேற லென்ஸ் தேவையில்ல, எக்ஸ்டென்ஷன் ட்யூப் அல்லது பெல்லோஸ் (லென்ஸ சென்சார்லேர்ந்து தள்ளி நிறுத்துற வெறும் குழாய், மடிப்புக் குழாய்) போட்டு அப்ஜெக்டிவோட தோள்பட்டைலேர்ந்து சென்சார் வரைக்கும் சுமார் 150 மில்லிமீட்டர் வர்ற மாதிரி வெச்சா போதும். படுத்துக்கிட்டு இருக்கிற எட்டு, அதாவது இன்ஃபினிட்டி குறி இருந்தா காமெராவுல ஒரு 200 எம்எம் டெலி லென்ஸ் போட்டு அதுக்கு முன்னாடி அப்ஜெக்டிவ மாட்டணும். ரெண்டையும் மாத்தி வெச்சா படம் ஓரத்துல இழுத்துக்கும்.

உங்க கிட்ட 200 எம்எம் லென்ஸும் பழைய 50 எம்எம் லென்ஸும் இருந்தா 50அ திருப்பி 200க்கு முன்னாடி மாட்டினாலே 4 மடங்கு கிடைக்கும். லாவா 25 எம்எம், கேனான் எம்பி-இ 65 மாதிரி தனியா இதுக்கே செஞ்ச லென்ஸும் இருக்கு, அடாப்டர் தலைவலி இல்ல. மிட்டுடோயோவோட 10 மடங்கு அப்ஜெக்டிவ் லென்ஸ் முனைக்கும் கல்லுக்கும் நடுவுல சுமார் 34 மில்லிமீட்டர் இடம் விடும், லைட்டு வைக்க அவ்ளோ வசதி, ஆனா விலைய பாத்துட்டு பொறுமையா யோசிங்க, ஆரம்பத்துல தேவையே இல்ல.

ஒண்ணு மட்டும் மனசுல வெச்சுக்கோங்க, டெப்த், அதாவது கூர்மையா தெரியுற ஆழம், வேணும்னு அப்பெர்ச்சர (லென்ஸோட துளைய) சுருக்காதீங்க. 4 மடங்குல எஃப்/11 வெச்சா நிஜத்துல அது எஃப்/55 மாதிரி ஆகி எல்லாமே குழைஞ்சிடும். 2.8, 4 அளவுலயே வெச்சுக்கோங்க, டெப்த்த ஸ்டாக்கிங்ல, அதாவது நிறைய படத்த ஒண்ணா சேக்குறதுல, வாங்கிக்கலாம்.

ஆடாம நிக்கணும்

பெங்களூர்ல இது தனி சவால். பக்கத்து ரோட்டுல மெட்ரோ வேலை, போர்வெல் லாரி, அப்பார்ட்மெண்ட் சம்ப் மோட்டார், மேல் வீட்டுக்காரங்க நடக்கிறது எல்லாம் 10 மடங்குல படத்துல தெரியும். கிச்சன் ஸ்லாப் வெட்டி மிச்சமான கிரானைட் துண்டு ஒண்ணு கிரானைட் கடையில கேட்டு வாங்கி, அதுக்கு அடியில தடிமனான ரப்பர் ஷீட்டோ பழைய மவுஸ் பேடோ போட்டு, காமெரா, கல்லு ரெண்டையும் அதே ஸ்லாப் மேல வையுங்க. ஆடினா ரெண்டும் சேந்து ஆடணும், அதுதான் ரகசியம். ஃபேன நிறுத்திடுங்க. ராத்திரி 11 மணிக்கு மேல எடுக்கிறது நல்லது. எலக்ட்ரானிக் ஷட்டர் இருந்தா அதையே போடுங்க, ஃப்ளாஷ் வெச்சு எடுத்தா அதோட பளிச்சுங்கிற நேரம் ரொம்பக் குறைவு, ஆட்டம் பதியாது.

கல்லு ஜன்னல் லென்ஸுக்கு நேரா மட்டமா இருக்கணும், சாய்ஞ்சிருந்தா ஓரத்துல கலர் கலரா வழியும். ஜன்னல் மேல விழுற லென்ஸோட பிரதிபலிப்பு நடுவுல தெரியுற வரைக்கும் அடியில இருக்கிற பிளாஸ்டிசின அமுக்கி சரி பண்ணுங்க.

லைட்டு

கல்லுக்கு அடியிலேர்ந்து வெளிச்சம் விட்டா தேன் கலர்ல அழகா ஜொலிக்கும், ஆனா பூச்சி கருப்பு நிழலாத்தான் தெரியும். மேலேர்ந்து பக்கவாட்டுல விட்டாதான் உடம்போட மேடுபள்ளம், முடி, கண்ணு எல்லாம் வரும். ரெண்டையும் கலக்கணும், மேல் வெளிச்சம் அதிகமா, அடி வெளிச்சம் கொஞ்சமா. விகிதம் ஒவ்வொரு கல்லுக்கும் மாறும், இதுக்கு ஃபார்முலா கிடையாது, லைட்ட ஒரு இன்ச் நகத்தி ஒரு படம் எடுத்துப் பாத்து, மறுபடி நகத்தி, இப்படி மெனக்கெடுறதுல பாதி சாயங்காலம் போயிடும், அந்த நேரம் வீண் இல்ல.

நேரடி லைட்டு வேண்டாம். டேபிள் டென்னிஸ் பந்த பாதியா வெட்டி நடுவுல ஓட்டை போட்டு லென்ஸ் முன்னாடி மாட்டலாம், இல்ல டிரேசிங் பேப்பர உருளையா சுருட்டி கல்லச் சுத்தி நிறுத்தி வெளிய ரெண்டு மூணு எல்இடி வைக்கலாம். எஸ்.பி. ரோட்டுல எல்இடியும் டிம்மரும் சல்லிசா கிடைக்கும். ஹாலஜன் பக்கமே போகாதீங்க, அந்த லண்டன் ஈயோட கதை ஞாபகம் இருக்கட்டும், கிட்டக்க வெச்ச சூடான பல்பு நல்ல கல்லையும் விரிசல் விட வைக்கும். கிளிசரின் செட்டப்ப மாத்துற இடைவெளியில எல்இடியக் கூட அணைச்சிடுங்க.

சில பூச்சி வெள்ளி முலாம் பூசின மாதிரி மின்னும். உடம்புக்கும் ஆம்பருக்கும் நடுவுல மெல்லிசா காத்து இடைவெளி இருக்கு, அதுல வெளிச்சம் முழுசா திரும்பி வருது, அதனாலதான். லைட்டோட கோணத்த மாத்துங்க, குறையும், முழுசா போகாது. லைட்டு முன்னாடியும் லென்ஸ் முன்னாடியும் போலரைசர் ஃபில்டர் போட்டா மேல்பரப்பு மினுமினுப்பு போகும், ஆனா அடிலேர்ந்து வர்ற லைட்டுக்கு போட்டா ஆம்பருக்குள்ள இருக்கிற அழுத்தம் எல்லாம் வானவில் கலரா தெரியும். அழகுதான், பூச்சியப் பாக்கத்தான் உதவாது.

ஸ்டாக்கிங்

4 மடங்குல ஒரு படத்துல ஃபோகஸ் ஆகுறது 0.05 மில்லிமீட்டர் ஆழம்தான், 10 மடங்குல 0.01க்கும் கீழ. அதனால கொஞ்சம் கொஞ்சமா நகத்தி நிறைய படம் எடுத்து சாஃப்ட்வேர்ல சேக்கணும். அப்ஜெக்டிவ் 4 மடங்குன்னா சுமார் 40 மைக்ரான், 10 மடங்குன்னா 6 மைக்ரான் நகர்த்தினா சரியா ஒண்ணோட ஒண்ணு படியும். இதுக்கு மோட்டார் ரெயில் இருந்தா சுகம், இல்லாட்டி பழைய மைக்ரோஸ்கோப்போட ஃபைன் ஃபோகஸ் குமிழே போதும், பலதுல ஒரு கோடு நகர்ந்தா 2 மைக்ரான்.

தண்ணி டம்ளர்ல போட்ட காசு மேல ஏறி தெரியுமே, அதே மாதிரி ஆம்பருக்குள்ள இருக்கிற பூச்சியும் மேல ஏறித்தான் தெரியும். காமெரா 1 மில்லிமீட்டர் நகர்ந்தா ஃபோகஸ் உள்ள 1.54 மில்லிமீட்டர் நகரும். நடைமுறையில, ஒன்றரை மில்லிமீட்டர் தடிமன் பூச்சிக்கு காமெரா 1 மில்லிமீட்டர் நகர்ந்தா போதும், அதாவது 4 மடங்குல சுமார் 25 படம், 10 மடங்குல 160, 170 படம். நகர்த்துற அளவ இதுக்காக மாத்த வேண்டியதில்ல, ஆம்பருக்குள்ள ஃபோகஸ் ஆழமும் அதே விகிதத்துல கூடிடும்.

பூச்சியோட முதல் முடி ஃபோகஸ் ஆகுற இடத்துல ஆரம்பிங்க, ஜன்னல் பரப்புலேர்ந்து இல்ல. மேல இருக்கிற தூசி, கீறல் ஃபோகஸ்ல இருக்கிற படம் ஒண்ணு உள்ள சேந்தாலும் சாஃப்ட்வேர் அத பூச்சி மேல கொண்டு வந்து ஒட்டிடும். கடைசி கால் நுனி போனதும் நிறுத்துங்க. ஒவ்வொரு நகர்த்தலுக்கும் அப்புறம் ரெண்டு வினாடி ஆட்டம் அடங்க விடுங்க. ரா ஃபைலா, குறைஞ்ச ஐஎஸ்ஓல, எல்லாமே மேனுவல்ல எடுங்க.

சாஃப்ட்வேர்ல ஜெரீன் ஸ்டாக்கர், ஹெலிகான் ஃபோகஸ் ரெண்டும் காசு, பிக்கோலே இலவசம். ஜெரீன்ல பிமேக்ஸ் முறை முடி, குறுக்க போற கால் எல்லாத்தையும் நல்லா பிடிக்கும், ஆனா நாய்ஸும் கான்ட்ராஸ்டும் ஏறும். டிமேப்ங்கிற இன்னொரு முறையில கலர் மிருதுவா வரும். ரெண்டையும் ஓட்டி, டிமேப் படத்து மேல முடி இருக்கிற இடத்துல மட்டும் பிமேக்ஸ தடவி எடுக்கிறதுதான் என் வழக்கம்.

கலரும் அளவும்

ஆம்பர் நீல வெளிச்சத்த நிறைய முழுங்கிடும், படம் ஒரே மஞ்சளா வரும். பூச்சிக்குப் பக்கத்துல வெறும் ஆம்பர் இருக்கிற இடத்துல ஒயிட் பேலன்ஸ் எடுத்து, அப்புறம் கொஞ்சம் மஞ்சள் சாயலத் திரும்ப கொடுங்க. முழுசா வெள்ளையாக்கினா அது ஆம்பர் மாதிரியே இருக்காது, நீல சேனல்ல நாய்ஸும் கொப்பளிக்கும். குமிழி, வெள்ளைப் படலம், பக்கத்துல கிடக்கிற மரத்தூள் இதையெல்லாம் அழிக்காதீங்க, அதுவும் அந்தக் காட்டோட பதிவு. சென்சார் தூசி மட்டும் அழிச்சா போதும்.

அதே செட்டப்புல அரை மில்லிமீட்டர் கோடு போட்ட ஸ்டீல் ஸ்கேல ஒரு படம் எடுத்து வெச்சா படத்துல ஸ்கேல் பார், அதாவது அளவு காட்டுற கோடு, போடலாம். தட்டையான ஜன்னல்னா ஆழம்தான் மாறித் தெரியும், நீள அகலம் மாறாது, அளவ நம்பலாம்.

எந்த இனம்னு தெரிஞ்சுக்க ஒரு அழகான படம் பத்தாது. மேல, கீழ, பக்கவாட்டு, முகம், ரெக்கை நரம்பு, கொம்போட கணு, பாதத்தோட கணு, முடிஞ்ச வரைக்கும் எல்லாம் எடுங்க. ஒரு ஜோடி ரெக்கைன்னா ஈ, கொசு வகை, பால்டிக்ல பாதிக்கு மேல அதுதான் வரும். விக்கிறவங்க எழுதின பேர நம்பி அப்படியே போடாதீங்க. பெங்களூர்ல ஜிகேவிகே வேளாண் பல்கலையில பூச்சியியல் துறை இருக்கு, ஏட்ரீங்கிற சுற்றுச்சூழல் ஆராய்ச்சி நிறுவனத்துல பூச்சி மியூசியம் இருக்கு, முறையா எழுதிக் கேக்குறப்போ தெளிவான படமும் ஸ்கேல் பாரும் இருந்தா பதில் கிடைக்க வாய்ப்பு அதிகம்.

அமெச்சூர் எடுத்த படத்தால என்ன ஆகப் போகுதுன்னு நினைக்காதீங்க. 2002ல பூச்சிகள்ல ஒரு புது வரிசையே அறிவிச்சாங்க, மேன்டோபாஸ்மடோடியான்னு பேரு. அதுக்கான முதல் துப்பு பால்டிக் ஆம்பர்ல இருந்த பூச்சிதான், உயிரோட இருக்கிறத அப்புறம் நமீபியாவுல கண்டுபிடிச்சாங்க. உங்க கல்லுல இருக்கிறது விசித்திரமா இருக்குன்னு ஒரு நிபுணர் சொன்னா அதுக்கு மேல தேய்க்காதீங்க, விக்கவும் செய்யாதீங்க. புது இனம்னு விவரிக்கணும்னா அந்தக் கல்லு ஆராய்ச்சியாளர்கள் பாக்குற மாதிரி ஒரு பொது நிறுவனத்துல இருக்கணும்.

பாதுகாக்கிறது

வேலை முடிஞ்சதும் வெதுவெதுப்பான தண்ணியில கிளிசரின கழுவி, மெல்லிய துணியால ஒத்தி எடுங்க. ஒவ்வொரு கல்லையும் தனி சின்ன ஜிப் கவர்ல போட்டு, எங்க கிடைச்சது, எப்ப வாங்கினது, எந்தப் பக்கம் தேய்ச்சதுன்னு ஒரு துண்டுச்சீட்டுல பென்சில்ல எழுதி கூடவே வையுங்க, இடம் தெரியாத ஆம்பருக்கு ஆராய்ச்சியில மதிப்பு ரொம்பக் குறைவு. வெயில் படுற அலமாரி வேண்டாம், வெளிச்சமும் காத்தும் சூடும் சேந்து வருஷக்கணக்குல மேல்பரப்புல சன்னமா விரிசல் விழ வைக்கும். மார்ச், ஏப்ரல் வறட்சிலேர்ந்து ஜூன் மழைக்கு மாறுறப்போ ஈரப்பதம் தடால்னு ஏறும், மூடி இறுக்கமா இருக்கிற டப்பாவுல இருட்டுல வெச்சா அந்த ஏத்த இறக்கம் கல்லுக்கு எட்டாது. லென்ஸையும் அப்ஜெக்டிவையும் வேற டப்பாவுல சிலிக்கா ஜெல்லோட வையுங்க, மழைக்காலத்துல பூஞ்சை பிடிக்கும். ரா ஃபைல், ஸ்டாக் பண்ணின ஃபைல் ரெண்டையும் கல்லோட நம்பர் பேர்லயே சேவ் பண்ணி இன்னொரு டிஸ்க்ல ஒரு காப்பி போட்டுடுங்க.